பலாமேட்டுப் பெரியய்யாவின் பிள்ளை

காற்று குவான் பக்கமாகத்தான் வீசியது. ஊதுபத்திக் குண்டானிலிருந்து கிளம்பிய புகையெல்லாம் அவன் முகத்தில் அடிக்க, அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றதை ஹுவே பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் வளைந்து எரிந்த ஒரு பத்தியிலிருந்து உதிர்ந்த கங்கு, காற்றுக்கு எதிராக வந்து, அவனுக்கு இடப்பக்கம் நின்ற மகளின் புறங்கையில் விழுந்தது.

குழந்தை வீறிட்டது. அதற்கு வீட்டில் கூப்பிடும் பெயர் தேப். கூனி இறால் என்று அர்த்தம். குவான் அவளைத் தூக்கிக் கையை ஊதினான்.

“ஒண்ணுமில்லடி தங்கம். சாமி முத்தம் குடுத்திருக்காரு. மத்தவங்களுக்கெல்லாம் குடுத்தாரா பாரு?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஹுவே சிரிக்கவில்லை. அவள் கணவனின் கறுப்புச் சட்டையைப் பார்த்தாள். அந்த முற்றத்தில் நின்ற அத்தனை பேர் தோளிலும் சாம்பல் பொடிந்து கிடந்தது. அவன் தோளில் மட்டும் ஒரு பொட்டுக்கூட இல்லை.

வருஷம் பிறந்த முதல் மாதத்தில் கோயில் கோயிலாகச் சுற்றாத குடும்பம் ஹனோயில் கிடையாது. போன வருஷம் கெடுத்துக்கொண்டதையெல்லாம் இந்த வருஷம் சரிசெய்து தரச் சொல்லி, ஒரு தட்டுப் பழமும் ஒரு டப்பா சாக்லேட் பிஸ்கட்டும் வைத்துப் புத்தரிடம் பேரம் பேசுவதில் நமக்கு வெட்கமே கிடையாது. குவான் குடும்பமும் காலையிலேயே கிளம்பிவிட்டது. குளத்தோரக் குன்றுக் கோயில், படியேறி மூச்சு வாங்கும் மேற்குக் கோயில், இப்போது இந்த நூறறைக் கோயில். நகரத்துக்கு வெளியே மேற்கில் எல்லாம் ஒரே வழித்தடத்தில் இருந்தன. கடைசியாக எங்கே போக வேண்டும் என்பதை ஹுவே யாரிடமும் கேட்காமல் முடிவு செய்து வைத்திருந்தாள்.

“பலாமேடு,” என்றாள் கார் கதவைச் சாத்தியபடி.

“அங்க என்ன இருக்கு? ரெண்டு பலா மரமும் ஒரு தூங்குமூஞ்சிப் பூசாரியும்,” என்றான் குவான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஓ, என் இன்னொரு அப்பாவைப் பார்க்கவா?” என்று சிரித்தான்.

மாவு சலித்தாற்போல மழை விழுந்துகொண்டிருந்தது. தரையும் சுவரும் வியர்க்கிற காலம் அது. காருக்குள் ஈரத்துணி நாற்றமும், தேப் கடித்துப் போட்ட சோளக்கதிரின் வாசனையும், காலையிலிருந்து உடம்போடு வந்த ஊதுபத்திப் புகையும் கலந்து கிடந்தன. கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைக்கத் துடைக்க வெளியே வயலும் கரையும் வாழையும் ஒரே சாம்பல் நிறத்தில் நழுவிப் போயின. தேப் பின் இருக்கையில் எரிந்த கையை வாயில் வைத்துக்கொண்டு உறங்கிப்போனாள்.

குவானுக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதாக இவன் பிறந்து காய்ச்சலில் கிடந்தபோது, அவன் அம்மா இவனைப் பலாமேட்டுக்குத் தூக்கிப் போய்ப் பெரியய்யாவுக்கு விற்றுவிட்டாள். ஒவ்வொரு கோயில் முன்கூடத்திலும் ஓர் ஓரமாகச் சிவந்த முகத்தோடு உட்கார்ந்திருக்கும் காவல்சாமி அவர். வளர மறுக்கிற பிள்ளையை அவர் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் அது அவர் பிள்ளை. எமன்கூடத் தொட யோசிப்பான். பன்னிரண்டு வயதானதும் பெற்றவர்கள் வந்து மீட்டுக்கொண்டு போக வேண்டும். குவானுக்குப் பன்னிரண்டு ஆன வருஷம் வெள்ளம் வந்து ஆற்றுக்கரை உடைந்தது. இவ்வளவு தூரம் யார் போவது என்று அம்மா தெருக்கோடிக் கோயிலிலேயே மீட்பு பூஜையை முடித்துவிட்டாள். எல்லாக் கோயிலிலும் அதே சிவந்த முகம்தானே என்பது அவள் வாதம். “அடகு வச்ச கடை ஒண்ணு, மீட்ட கடை ஒண்ணு” என்று சொந்தக்காரர்கள் விருந்துக்கு விருந்து சொல்லிச் சிரிப்பார்கள். போன இலையுதிர் காலத்தில் சாகும்வரை மாமியாரும் சேர்ந்து சிரித்தாள்.

“பெரியய்யா புள்ளைடி அவன். ஒரு கீறல் விழுமா அவன்மேல?” என்று ஹுவேயிடம் பெருமையாகச் சொல்லுவாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து விடுவாள். நாலு வயதில் வெறிநாய் நேரே இவனை நோக்கி ஓடி வந்தது. கடைசி நொடியில் திரும்பி அத்தை மகனைக் கடித்தது. பத்து வயதில் படகு கவிழ்ந்தது. கூட இருந்த இரண்டு பையன்களும் போனார்கள், இவன் கரையில் உட்கார்ந்திருந்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இவன் பைக்மேல் செங்கல் லாரி ஏறியது. பின்னால் இருந்த சிநேகிதனின் கால் நசுங்கியது, இவன் சட்டைப் பொத்தான்கூட அறவில்லை. நூடுல்ஸ் கடையில் கேஸ் வெடித்தபோது இவன் மேசையில் இருந்த மற்ற மூன்று பேரும் வெந்தார்கள்.

கேட்டுக் கேட்டு ஹுவேயும் அதிர்ஷ்டக்காரனைக் கட்டியிருக்கிறோம் என்றுதான் நினைத்திருந்தாள். முந்தைய வருஷம் ஸ்கூட்டர் சறுக்கி இருவரும் விழுந்தார்கள். அவன் எழுந்து தலைக்கவசத்தைத் தட்டிக்கொண்டு நின்றான். அவள் வயிற்றில் இருந்த ஆறு மாதப் பிள்ளை போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோதுதான் அவளுக்கு அது புரிந்தது. அடி இல்லாமல் போகவில்லை. பக்கத்தில் இருப்பவர்மேல் விழுகிறது. போன மாதம் கண்ணாடிக் கதவு உடைந்து தேப்பின் தாடையில் தையல் போட்டார்கள். கதவை இடித்தது குவான்.

“எல்லாம் தற்செயல், ஹுவே,” என்றான் அவன் காரை ஓட்டியபடி. “ஆனா உன் மனசு ஆறும்னா மீட்டுடு. அப்படி ஒண்ணு இருந்தா, எனக்கு வர்றது எனக்கே வரட்டும். புள்ளைக்கு எதுக்கு?”

அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நல்லவன். அதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

பலாமேட்டில் கும்பிட வந்த ஓர் ஆள்கூட இல்லை. முற்றத்துச் செங்கல்லில் பாசி வழுக்கியது. முன்கூடத்தின் உயரமான வாசற்படியைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் தரையில் நீர் கோத்து நின்றது தெரிந்தது. தூண்கள் வியர்த்திருந்தன. வௌவால் புழுக்கையும் பழைய எண்ணெயும் அழுகிய வாழைப்பழமும் சேர்ந்த ஒரு வாடை மூக்கில் ஏறியது. எங்கோ உள்ளறையில் நீர் சொட்டியது. வாசலின் இரு பக்கமும் கூரை முட்ட நின்ற களிமண் காவலர்களில் ஒருவன் நல்லதுக்குச் சிரிப்பவன். மற்றவன் கெட்டதை அடிப்பவன், கதாயுதத்தை ஓங்கியபடி நின்றான். அவர்களைத் தாண்டி, வலப்பக்க மூலையில், கறுப்புத் தொப்பியும் பட்டு அங்கியுமாகப் பெரியய்யா உட்கார்ந்திருந்தார். அரக்குச் சிவப்பு முகத்தில் முத்து முத்தாக ஈரம். தாடி நுனியில் ஒரு சொட்டு விழாமல் தொங்கியது.

பூசாரி மோக் செல்போனில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார்.

“மீட்கவா? எங்கம்மா புள்ள? இந்தக் குட்டியா?”

“இல்லைங்க. இவரு.”

மோக் குவானை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். “காதோரம் நரைச்சாச்சு, இப்பதான் ஞாபகம் வந்துச்சா? இருந்துட்டுப் போகட்டும்மா. ஆயுசுக்கும் அவருகிட்டயே விட்டு வைக்கிறவங்க இருக்காங்க.”

“மீட்டே ஆகணும்.”

“சரி, உங்க புள்ள, உங்க இஷ்டம். ஆனா ஒண்ணு. அவரு வளர்த்த புள்ளைய வாங்குனா, புள்ளையோட கணக்கெல்லாம் சேர்த்துத்தான் வாங்கணும். மந்திரத்துலயே அப்படித்தான் வரும்.”

எல்லாப் பூசாரிகளும் இப்படி எதையாவது சொல்வார்கள். ஹுவே பழத்தட்டை வைத்தாள். குவானின் பையிலிருந்து கார்ச் சாவி, செல்போன் எல்லாவற்றையும் வாங்கித் தன் பைக்குள் போட்டாள். அவன் மண்டியிட்டான். மழை நாளின் மங்கல் கூடத்துக்குள் இன்னும் மங்கலாக இருந்தது. மோக்கின் குரல் மணியோசைக்கு நடுவே ஒரே சுருதியில் ஓடி ஓடி, உள்ளறையில் சொட்டிய நீரின் தாளத்தோடு சேர்ந்துகொண்டது. ஒரு கட்டத்தில் எது குரல், எது நீர் என்று அவளுக்குப் பிரித்துத் தெரியவில்லை.

தட்டில் இரண்டு பழைய செப்புக்காசுகள். ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசியவை. ஒன்று வெள்ளையும் ஒன்று செம்புமாக விழுந்தால் பெரியய்யாவுக்குச் சம்மதம். மோக் தூக்கிப் போட்டார். இரண்டும் வெள்ளை.

“மாட்டேங்கிறாரு,” என்றார். மறுபடி போட்டார். இரண்டும் வெள்ளை.

ஹுவே எட்டித் தட்டை வாங்கிக்கொண்டாள். அந்த வியர்த்த முகத்துக்கு நேராகப் போய் நின்றாள். ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கொண்டுபோன அந்தச் சின்னப் பொட்டலம் நினைவுக்கு வந்தது.

“ஒரு புள்ளைய வாங்கிட்டீங்க. இவளை விட்டுடுங்க,” என்று முணுமுணுத்தாள். “அவரு அடி அவருக்கே வரட்டும். என் பொண்ணுமேல ஒண்ணு விழக்கூடாது.”

தூக்கிப் போட்டாள். காசுகள் தட்டில் சுழன்றன. வெகுநேரம் சுழன்றன. ஒன்று வெள்ளை. ஒன்று செம்பு.

தாடி நுனியில் தொங்கிய சொட்டு விழுந்தது.

“முடிஞ்சுதா?” என்று குவான் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தான். “பெரிசா ஒண்ணும் தெரியலையே. பசிக்குது, அவ்வளவுதான். பிரசாதத்துல அந்தப் பிஸ்கட்டக் குடு.”

ஹுவேக்கு அழுகை வந்தது. நிம்மதி அழுகை. மூவரும் முற்றத்துக்கு வந்தார்கள். அவன் ஷூ மாட்டக் குனிந்தான்.

“ஆ!”

பின்னங்காலைப் பிடித்துக்கொண்டு துள்ளினான். “நாய்! எங்க போச்சு அது?”

முற்றத்தில் நாய் இல்லை. நாய் குரைத்த சத்தமும் இல்லை. அவன் கால்சட்டையைத் தூக்கினான். ஆடுசதையில் இரண்டு வரிசையாகப் பல் பதிந்து, சதை ஒரு துண்டு தொங்கியது. இரத்தம் ஷூவுக்குள் இறங்கியது. ஏழு வருஷக் குடித்தனத்தில் அவன் இரத்தத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவனும் அப்படித்தான் பார்த்தான். ஆச்சரியமாக.

“கால்சட்டை கிழியலையே,” என்றான். “எப்படிக் கடிச்சுது?”

ஹுவே எண்ணினாள். நாலு வயது. நாய். அடுத்தது?

“குவான்,” என்றாள். “உக்காருங்க. அசையாதீங்க.”

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. சேற்றுத் தண்ணீர், ஒரு குடம், இரண்டு குடம், பாசிக்கொடியோடு மூக்கு வழியாகவும் கொட்டியது. அவன் குப்புற விழுந்து செங்கல்லை நகத்தால் பிறாண்டினான். கண் பிதுங்கியது. காற்றில் மூழ்கிக்கொண்டிருந்தான். ஹுவே அவன் முதுகில் குத்தினாள், புரட்டினாள், கத்தினாள். அது தனக்கு வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டுதான் நின்றது. அவன் மல்லாந்து கிடந்து மூச்சை இழுத்தான். இழுத்த மூச்சில் ஆற்று வாடை அடித்தது.

“அப்பா!” தேப் ஓடி வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“தூக்கு அவளை!” என்றான் குவான். அப்போதும் அவன் நல்லவனாக இருந்தான். “தூக்குடி, ஹுவே!”

அவள் பிடுங்கினாள். குழந்தையின் கால் அவனை விட்டு விலகிய அதே நொடியில் அவன் வலது கால் நசுங்கியது. மேலே எதுவும் விழவில்லை. முழங்கால் தட்டையானது. எலும்பு நொறுங்கிய சத்தம் முற்றத்துச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. துணிக்குள் கால் டயர் தடம் போட்டுக்கொண்டு பரந்தது.

அவன் போட்ட சத்தம் மனுஷச் சத்தமாக இல்லை.

மோக் வாசற்படியில் நின்றார். முகம் வெளுத்திருந்தது. கையில் அந்தத் தட்டு இருந்தது.

“வித்துடும்மா! மறுபடி வித்துடு! இப்பவே கேளு, அவரு வாங்கிக்குவாரு!”

“வித்துடு, ஹுவே,” என்று குவான் கதறினான். கையை ஊன்றி அவளை நோக்கி ஊர்ந்தான். “தெரியாம சொல்லிட்டேன். என்னால தாங்க முடியல. வித்துடு.”

அவள் காலும் அவளைக் கேட்காமல் படியை நோக்கி நகர்ந்தது. ஏழு வருஷம் பக்கத்தில் படுத்தவன். அவள் பிள்ளை போன இரவில் அவள் காலைப் பிடித்து விட்டபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தவன். தட்டைத் தொட்டாள். இடுப்பில் குழந்தை அவள் கழுத்தில் முகம் புதைத்து நடுங்கியது. தாடைத் தையல் தழும்பு அவள் தோலில் உறுத்தியது.

“வித்துட்டா,” என்றாள் மோக்கிடம், “இனி வர்ற அடிய யாரு வாங்குறது?”

மோக் குழந்தையைப் பார்த்தார். பிறகு வேறெங்கோ பார்த்தார். பின்னால் நகர்ந்து கதவுகளை இழுத்துச் சாத்தினார். உள்ளே தாழ் விழுந்தது.

ஹுவே ஓடினாள். செங்கல் வழுக்கியது. எழுந்தாள். ஓடினாள். பின்னால் அவன் ஊர்கிற சத்தம். கார்க் கதவைத் திறந்து குழந்தையைத் தள்ளி, தானும் விழுந்து, பூட்டை அழுத்தினாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது. சாவி கையில் இருந்தது. ஓட்டத் தெரியாது.

தேப்பின் முகத்தைத் தன் மடியில் அழுத்திக்கொண்டாள். காது இரண்டையும் பொத்தினாள். தன் காதைப் பொத்த மூன்றாவது கை இல்லை.

“ஹுவே.”

கண்ணாடிக்கு வெளியே அவன் எழுந்து நின்றிருந்தான். அந்தக் காலோடு எப்படி எழுந்தான் என்று தெரியவில்லை. கதவுப் பிடியை ஆட்டினான். “திற. உள்ள வந்துடறேன். உங்க பக்கத்துல இருந்தா நிக்கும். எப்பவும் நின்னுச்சே. திற.”

“மன்னிச்சிடுங்க,” என்றாள். அவனுக்குக் கேட்டதோ இல்லையோ. “மன்னிச்சிடுங்க. மன்னிச்சிடுங்க.”

நெருப்பு வந்தது. சுவாலை இல்லை. அவன் கன்னம் சுருங்கிக் கறுத்தது. மயிர் பொசுங்கிய நாற்றம் மூடிய காருக்குள் வந்தது. கண்ணாடியில் ஊன்றியிருந்த உள்ளங்கை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. அவன் இழுத்தபோது கை வந்தது; தோல் வரவில்லை.

அடுத்தது ஸ்கூட்டர். அவளுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டாள். அவன் வயிற்றில் ஏதோ இறங்கியது; இரண்டாக மடிந்து காரின் பக்கத்தில் மோதினான். அவள் அடிவயிறும் கூடச் சேர்ந்து சுருண்டது. பிறகு கண்ணாடிக் கதவு. அவன் தாடை காது முதல் காது வரை திறந்துகொண்டது.

அதோடு முடிந்தது. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவன் இன்னும் சாகவில்லை. ஜன்னலில் சாய்ந்து, திறந்த தாடையோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் கண்ணாடியில் சிவப்பாக ஆவி படிந்து கலைந்தது. ஆஸ்பத்திரி. யாரையாவது கூப்பிடலாம். முடிந்துவிட்டது. அவள் விரலைப் பூட்டின்மேல் வைத்தாள்.

கார் ஆடியது.

அவன் தலை பக்கவாட்டில் திரும்பியது, யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல. பிறகு தோள் இறங்கியது. பிறகு விலாவில் ஒன்று. இது மாமியார் சொன்ன கதை எதிலும் இல்லை. யாருக்கும் தெரியாமல், தெருவிலும் படிக்கட்டிலும் கூட்டத்திலும், யார் யார்மேலோ விழுந்தவை.

“அம்மா,” என்றாள் தேப் மடிக்குள்ளிருந்து. “அப்பாவ யாரு அடிக்கிறா?”

ஹுவே பூட்டிலிருந்து விரலை எடுத்தாள். மழை வலுக்காமல் விழுந்துகொண்டே இருந்தது. அவன் உதடு அவள் பெயரைச் சொல்ல முயன்றது. கார் மறுபடி ஆடியது. மறுபடி. அவனை விழவும் விடவில்லை.